பதினான்காம் கடை மீனும் யுன்ஷியாவின் அச்சுத்தூளும்

தைவான் ஜலசந்தி முழுவதையும் ஒரு பெரிய அண்டாவில் ஊற்றி, அதில் யாராவது கடுகளவு சாயத்தைக் கரைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டால், ஜுவாங் யுன்ஷியா அதைப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள். கரைத்தவன் வலக்கைக்காரனா இடக்கைக்காரனா என்பதைச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்வாள். திமிங்கலம் தும்மினால், அது முந்தாநாள் எந்த ஊர்க் கடலில் மேய்ந்தது என்று சொல்லக்கூடியவள். பெய்ஜிங்கிலிருந்து பெரிய பெரிய விஞ்ஞானிகள் வந்து அவள் காலடியில் உட்காராததற்கு ஒரே காரணம், பைலுன் மீன் சந்தையில் வண்டி நிறுத்த இடமில்லை என்பதுதான்.

இதெல்லாம் சந்தையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட உண்மை. ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால், அவர் கடை மீனை அவள் நாளைக் காலையில் சோதிப்பாள். அதற்குள் ஒத்துக்கொண்டுவிடுவார்.

சோதனை அறை கிழக்கு வாசலில் இருக்கிறது. ஒரு பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரம், இன்னொரு பக்கம் ஆமை உருவ மர அச்சில் அழுத்திச் செய்கிற சிவப்பு ஆமைப் பணியாரம் விற்கும் கடை. நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே நடப்பது வெளியே தெரியவேண்டும் என்பது சட்டம். ஆகவே யுன்ஷியா காலை ஐந்தரை மணியிலிருந்து பத்து மணிவரை, தொட்டியில் விட்ட மீன் மாதிரி எல்லார் பார்வையிலும்தான் வேலை செய்கிறாள். வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், மூக்கு நுனியில் கண்ணாடி. குள்ளமான உருவம். ஆனால் அவள் சொட்டுக்குழாயைத் தூக்கிப் பிடித்தால், பக்கத்தில் நிற்கிற ஆறடி மீன்காரர்கள்கூட மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.

அவள் படித்தது நடுநிலைப் பள்ளி மட்டும். பத்தொன்பது வயதில் விலாங்கு மீன் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விலாங்கைக் கீறி, முள்ளெடுத்து, சுட்டு, பெட்டியில் அடைத்து ஜப்பானுக்கு அனுப்பும் தொழிற்சாலை. பதினைந்து வருடம் அந்த வரிசையில் நின்றாள். நிமிடத்துக்கு ஆறு விலாங்கு. ஒருநாள் ஒரு கன்டெய்னர் போன வழியே திரும்பி வந்தது. அதிலிருந்த மீனில் பச்சைச் சாயம் இருக்கிறதாம். மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் சில வளர்ப்புக் குளங்களில் திருட்டுத்தனமாக அதை ஊற்றுவார்கள். பூஞ்சை போய்விடும். சாயம் மட்டும் மீனின் சதைக்குள் குடியேறி, அங்கிருந்து தின்கிறவர் உடம்புக்குள் இறங்கும். புற்றுநோய் வரும் என்று பயந்து தடை செய்த சாமான் அது. ஏதோ ஒரு குளத்துக்காரன் ஊற்றினான். அடுத்த மாதம் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். இருநூற்று நாற்பது பெண்கள் அவரவர் மேலங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

யுன்ஷியாவுக்கு வேலை போன துக்கத்தைவிட இன்னொன்றுதான் பெரிதாக இருந்தது. லட்சக்கணக்கான விலாங்கைத் தொட்ட கை அவளுடையது. அந்தச் சாயத்தை ஒருமுறைகூட அவள் பார்த்ததில்லை.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணு வந்து எங்களத் தூக்கி வெளிய போட்டுச்சு. அது மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்னு ஆச" என்று அவள் இன்றைக்கும் சொல்வாள், ஏதோ வாடகை தராமல் ஓடிப்போனவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

பிறகு ஒன்பது வருடம் சிப்பி உடைத்து விற்றாள். நாற்பத்து மூன்றாவது வயதில், சந்தைக்குச் சோதனையாள் வேண்டும் என்று வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். தேர்வு எழுத வந்தவர்களில் பாதிப் பேர் அவளை யாரோ ஒருவருடைய அம்மா என்று நினைத்து உட்கார இடம் கொடுத்தார்கள். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்து, எழுதி, முதலாவதாக வந்தாள்.

முதல் இரண்டு வருடம் சரியான அவதி. அப்போது இருந்தது சாதாரணச் சோதனை அட்டை. மீனை அரைத்து, மருந்து நீரில் கலக்கி, அட்டையில் சொட்டு விட்டால் கோடு தோன்றவேண்டும். கோடு வரவில்லை என்றால் சாயம் இருக்கிறது. ஆனால் கொழுப்பு அதிகமுள்ள மீன் வந்தால் அட்டைக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். இன்றைக்கு உண்டு என்னும், நாளைக்கு இல்லை என்னும். கானாங்கெளுத்திக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, "யுன்ஷியா, இன்னிக்கு உங்க அட்டைக்கு உடம்பு எப்படி, தூக்கம் வந்துச்சா?" என்று விசாரிப்பார்கள். அவள் அடுத்த அட்டையைப் பிரிப்பாள்.

அப்போதுதான் மாகாணப் பல்கலைக்கழகத்திலிருந்து நியே ஆசிரியை வந்தார். கையில் ஒரு பெட்டி. அதில் சுண்டுவிரல் பருமனில் குழாய்கள், ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் வெளிர்மஞ்சள் தூள். பெயர் மூலக்கூறு பதித்த பாலிமர். நியே ஆசிரியை அரைமணி நேரம் விளக்கினார். சந்தையே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. யுன்ஷியா மட்டும் மெதுவாகத் திரும்பி, பக்கத்துப் பணியாரக் கடையின் மர அச்சைப் பார்த்தாள்.

"ஆசிரியையம்மா, இது ஆமப் பணியார அச்சு மாதிரிதானே?" என்றாள். "சாயத்த நடுவுல வெச்சு, சுத்தி மாவ ஊத்தி இறுக விடுறீங்க. அப்புறம் சாயத்தக் கழுவி எடுத்துடறீங்க. அது இருந்த குழி அப்படியே நிக்குது. மீன் சாறு அந்தப் பக்கமாப் போறப்ப, கொழுப்பு போய்டும், ரத்தம் போய்டும், அந்தக் குழிக்கு ஏத்த உருவம் எதுவோ அது மட்டும் உள்ள போய் உக்காந்துக்கும். சரிதானா?"

நியே ஆசிரியை கைப்பேசியை எடுத்து, பணியார அச்சை நான்கு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டார். இனிமேல் வகுப்பில் இதைத்தான் காட்டப்போவதாகச் சொன்னார்.

ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார். பச்சைச் சாயத்துக்கு ஊதாச் சாயம் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உருவம். பச்சைக்காகச் செய்த குழியில் ஊதாவும் உட்கார்ந்துவிடும். "ரெண்டையுமே மீனுக்குப் போடக்கூடாது, அதனால எது மாட்டினாலும் நல்லதுதான்" என்றார். யுன்ஷியா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

அன்றிலிருந்து அதற்குச் சந்தையில் அச்சுத்தூள் என்று பெயர். கொழுப்பு மீனானாலும் சரி, என்ன மீனானாலும் சரி, சாறு குழாயில் இறங்கும், வேண்டாததெல்லாம் கழுவிப் போகும், குழியில் உட்கார்ந்ததை வேறொரு மருந்து நீர் ஊற்றி எழுப்பி வெளியே கொண்டுவருவாள். பெட்டி அளவிலான ஒரு கருவி அதை அளந்து எண் சொல்லும். ஒன்றுக்குக் கீழே என்றால் விற்கலாம். கானாங்கெளுத்திக்காரர்கள் அதற்குப் பிறகு யாருடைய உடம்பையும் விசாரிக்கவில்லை. தெற்குத் துறைமுகச் சந்தைக்காரர்களிடம் போய், "உங்க ஊர்ல அட்ட, எங்க ஊர்ல அச்சுத்தூள்" என்று பீற்றிக்கொண்டார்கள்.

இனி, பதினான்காம் கடை.

அது ஹைச்சினுடையது. உயிருள்ள கலவா மீன் மட்டும் விற்பாள். எட்டுத் தொட்டி. சந்தையிலேயே பெரிய குரல் அவளுடையது, அலைகூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் அடிக்கும். அவள் மகன் ஆபின், பதினேழு வயது. தொழிற்பள்ளியில் பாதி படித்தான், மீதிப் பாதியைப் படிக்கவேண்டாம் என்று பள்ளிக்கூடமே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டது. இதை எழுதுகிறவன் அவன்தான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லாததால் கதைக்குப் போவோம்.

சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் இருபத்து மூன்றாம் நாள் கடலம்மன் மாட்சுவின் பிறந்தநாள். கோயிலில் நாற்பது மேசை விருந்து. மேசைக்கு ஒரு முழுக் கலவா, தலை வாசலைப் பார்க்க, வால் அம்மனைப் பார்க்க. இந்த வருடம் அந்த நாற்பது மீனும் ஹைச்சின் கடையில் எடுப்பதாகக் கோயில் ஆட்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஹைச்சின் பதினாறு வருடமாக எதிர்பார்த்த வாக்கு அது.

இருபதாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு யுன்ஷியாவின் கருவி பதினான்காம் கடை மாதிரிக்கு முப்பத்தேழு என்று காட்டியது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முப்பத்தேழுதான். புதுக் குழாய் எடுத்து மறுபடி செய்தாள். முப்பத்தாறு.

கண்ணாடிக்கு வெளியே பேச்சு நின்றது. சந்தை மேலாளர் தாவ் உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். "சாயம் இருந்தா என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும் யுன்ஷியா. கடைய மூடணும். மாதிரியோட மறுபாதிய முத்திரை போட்டு மாவட்டத்துக்கு அனுப்பணும். பன்னெண்டு மணிக்கு வண்டி வரும். அவங்களும் இருக்குன்னு சொல்லிட்டா, எட்டுத் தொட்டி மீனையும் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும். கட வேற ஆளுக்குப் போயிடும்."

"தெரியும்."

ஹைச்சின் வாசலில் வந்து நின்றாள். எதற்கெடுத்தாலும் கூரை பறக்கக் கத்துகிறவள், அன்றைக்குக் கத்தவில்லை. "யுன்ஷியா, நான் ஊத்தல" என்றாள், ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி.

யுன்ஷியாவும் ஹைச்சினும் விலாங்குத் தொழிற்சாலையில் அடுத்தடுத்து நின்றவர்கள். ஒன்றாக வெளியே வந்தவர்கள்.

"நீ ஊத்தலன்னு எனக்குத் தோணுது" என்றாள் யுன்ஷியா. "ஆனா தோணுறத குழாய்ல ஊத்த முடியாது. நீ போய் உக்காரு."

மேலாளரிடம், "வண்டி வர வரைக்கும் எனக்கு நேரம் இருக்கில்ல?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா விதிப்படி..."

"விதியில பன்னெண்டு மணி வரைக்கும் நான் கைகட்டி நிக்கணும்னு போட்டிருக்கா?"

மேலாளர் யோசித்துப் பார்த்தார். போட்டிருக்கவில்லை.

யுன்ஷியா முதலில் எட்டுத் தொட்டியிலும் தண்ணீர் எடுத்தாள். எல்லாம் பூஜ்யம். பிறகு கைவலையை எடுத்துக்கொண்டு தானே போய், மூன்று தொட்டியில் மூன்று மீன் பிடித்து, தானே வெட்டி, தானே அரைத்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கூட்டத்தில் ஒருவன், "ஒரே பண்ணை மீனு. மூணுல இல்ல, ஒண்ணுல மட்டும் முப்பத்தேழா? அது என்ன, மத்ததுக்குத் தெரியாமத் தனியாப் போய்க் குளிச்சிட்டு வந்துச்சா?" என்றான். சிரித்தார்கள். யுன்ஷியா சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே கேள்விதான்.

காலையில் வந்த துண்டு எந்த மீனிலிருந்து வெட்டியதோ, அந்த மீனின் மிச்சம் கடையில் ஐஸ் மேல் கிடந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னாள். முதுகெலும்பை ஒட்டி ஆழமான சதையை எடுத்துச் சோதித்தாள். பூஜ்யம். செவுளை ஒட்டிய தோலைச் சுரண்டிச் சோதித்தாள். பதினெட்டு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உயிரோடு இருந்தபோது சாயத்தில் நீந்திய மீன் என்றால் சதைக்குள் இருக்கவேண்டும். வெளியே மட்டும் இருக்கிறது. வெளியே மட்டும் இருந்தால், செத்த பிறகு ஏதோ அதைத் தொட்டிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் அவள் கண் ஜன்னலில் இருந்த கிண்ணத்தின் மேல் விழுந்தது. விதிப்படி சோதனையாள் கடைக்குப் போய், தானே மீனைப் பிடித்து, தானே வெட்டவேண்டும். பைலுன் சந்தையில் அப்படி யாரும் செய்வதில்லை. கடைக்காரர்களே ஒரு துண்டு வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, விடியும் முன்னால் சோதனை அறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிற மாதிரி. வேண்டாம் என்றால் 'நம்மளச் சந்தேகப்படுறாளே' என்று மனசு புண்படும். ஏழு வருடமாக அவள் அந்தக் கிண்ணங்களை வாங்கிக்கொண்டிருக்கிறாள். மாவட்டத்துக்குப் போகப்போகிற மறுபாதியும் அதே கிண்ணத்துத் துண்டுதான். அவர்களும் சாயம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கருவியும் பொய் சொல்லாது. தப்பு எந்தக் கருவியிலும் இல்லை, கிண்ணத்தில் இருக்கிறது.

மணி பத்தரை.

"இத வெட்டினது யாரு?" என்று கேட்டாள்.

"எம் பையன்" என்றாள் ஹைச்சின்.

"எங்க அவன்?"

எங்கேயும் இல்லை. விடியற்காலையில் இருந்தான். ஆறரை மணிக்கு மேலாளர் தாவ் மேற்கு வாசல் பக்கமாக வந்து ஏதோ சத்தம் போட்டபோது இருந்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

"நீங்க என்ன சத்தம் போட்டீங்க?" என்று யுன்ஷியா மேலாளரைக் கேட்டாள்.

மேலாளர் முகம் சிவந்தது. "அது இப்ப எதுக்கு? ஏதோ பொறுக்கிப் பய பண்ணின வேல."

கூட்டத்தில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேற்கு வாசலில் மேலாளரின் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. 'குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்' என்று கைகூப்பிச் சிரிக்கிற படம். அன்றைக்குக் காலையில் அந்தப் படத்துக்கு மீசை முளைத்திருந்தது. இரண்டு பக்கமும் முறுக்கி, நுனியில் இரண்டு சுருள் வைத்து, பழைய கடற்கொள்ளைக்காரத் தலைவன் மாதிரி. வரைந்தவன் கைவேலையைக் குறை சொல்லவே முடியாது.

"என்ன கலர் மீச?" என்றாள் யுன்ஷியா.

"ஊதா" என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் எழுந்து நின்றாள். கூட்டம் அவள் பின்னாலேயே மேற்கு வாசலுக்குப் போனது. அவள் பஞ்சு சுற்றிய குச்சியை மருந்தில் நனைத்து, மேலாளரின் மேலுதட்டில், அதாவது படத்தின் மேலுதட்டில், மெதுவாகத் தேய்த்தாள். 

"என் மீசைய என்ன பண்றீங்க?" என்றார் மேலாளர்.

"இது உங்களோடது இல்ல, சும்மா நில்லுங்க."

அறைக்குத் திரும்பி, அந்த மீசையை ஆயிரம் மடங்கு நீரில் கரைத்து, ஒரு குழாயில் விட்டாள். கருவி எண்ணே காட்டவில்லை. அளக்க முடியாத அளவு என்று மூன்று கோடு போட்டுவிட்டு நின்றுவிட்டது. அடுத்து மீனை எடுத்தாள். கலவாவின் தோல் பழுப்புப் புள்ளியும் கறுப்புப் புள்ளியுமாக இருக்கும், எந்த நிறமும் அதில் ஒளிந்துகொள்ளும். வெள்ளைப் பஞ்சைச் சாராயத்தில் நனைத்துச் செவுள் மூடியை அழுத்தித் துடைத்துத் தூக்கிக் காட்டினாள். பஞ்சில் ஊதா. நாவல்பழம் கடித்த பல் மாதிரி, லேசாக.

"நேத்து உன் பையனுக்குக் கையில அடிபட்டுச்சா ஹைச்சின்?"

ஹைச்சினுக்கு அப்போதுதான் குரல் திரும்பி வந்தது. சந்தையின் தகரக் கூரை அதிர்ந்தது. "முதுகு முள்ளு குத்திக் கட்டவெரல் கிழிஞ்சு போச்சு! நான்தான் ஊதா மருந்து போட்டேன்! கையுறைய மாட்டிக்கிட்டு வேல செய்டான்னு நூறு தடவ சொன்னேன்! அட பாவிப் பயலே!"

புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து. எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிற ஒரு குட்டிப் பாட்டில். நியே ஆசிரியை சொன்ன ஊதாச் சாயம் அதற்குள்தான் இருக்கிறது. மேலாளரின் மீசையும் அதே பாட்டிலிலிருந்துதான் முளைத்திருந்தது.

பஞ்சும் எண்ணும் போதாது, அந்தக் கையும் வேண்டும் என்றார் மேலாளர். யார் தொட்டது என்று தெரியாமல் அவரால் ஒன்றும் எழுத முடியாது. மணி பதினொன்றரை.

அப்போதுதான் ஆபின் தானாகவே முன்வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, நிதானமாக நடந்து வந்து, ஊதாக் கட்டைவிரலை மேசைமேல் வைத்து, "எல்லாத் தப்பும் என்னோடதுதான் அத்தை. என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கறேன். எங்கம்மா கடைய ஒண்ணும் பண்ணாதீங்க" என்றான். அவன் குரல் நடுங்கவில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"தப்பு உன்னோடது பாதி" என்றாள் யுன்ஷியா. "மீதி என்னோடது."

அவள் கையுறை மாட்டிக்கொண்டு அவன் விரலைப் பஞ்சால் துடைத்து, அதையும் ஒரு குழாயில் போட்டு முத்திரை வைத்தாள். பிறகு அந்தப் புண்ணைக் கழுவி, நிறமில்லாத மருந்து போட்டு, துணி சுற்றி, அதற்கு மேல் ஒரு ரப்பர் உறையையும் மாட்டிக் கட்டினாள். கட்டும்போது அவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் முடிச்சை இறுக்கிப் போடவில்லை.

மாவட்டத்துப் பெட்டிக்குள் காலைத் துண்டின் மறுபாதி போனது. அதை நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை. அதோடு ஆழச் சதை, செவுள் தோல், மூன்று தொட்டி மீன், விரல் பஞ்சு, மேலாளரின் மீசை எல்லாவற்றையும் வைத்தாள். மேலே ஒரு கடிதம்.

"மாவட்டத்துப் பதில் வர மூணு நாள் ஆகும். அதுக்குள்ள விருந்து முடிஞ்சிடும்" என்றார் மேலாளர். "கடையத் தொறக்கலாம்னா யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடணும். பதில் வேற மாதிரி வந்தா, போட்டவங்க வேல போயிடும். என்னால முடியாது யுன்ஷியா, நான் பிள்ள குட்டிக்காரன்."

யுன்ஷியா பேனாவை எடுத்தாள். ஹைச்சின் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்டி. ஏற்கெனவே ஒரு தடவ ரெண்டு பேரும் சேந்து வெளிய வந்தது போதும்."

"அப்ப எனக்கு எதுவும் தெரியாது, அதனால வெளிய அனுப்பினாங்க" என்றாள் யுன்ஷியா. "இப்ப தெரியும். கைய விடு."

கையெழுத்துப் போட்டாள். அத்தோடு நிற்கவில்லை. வாசலில் தினமும் முடிவுகள் ஓடுகிற பெரிய திரையில் அன்றைக்கு என்ன போடவேண்டும் என்று அவளே எழுதிக் கொடுத்தாள்: 'பதினான்காம் கடைத் தொட்டி மீனில் சாயம் இல்லை. காலையில் காட்டிய எண் தவறான மாதிரியால் வந்தது. மாதிரியை நானே எடுத்திருக்கவேண்டும், எடுக்கவில்லை. பிழை என்னுடையது. ஜுவாங் யுன்ஷியா.'

"இப்படி எந்தச் சந்தையிலயும் யாரும் போட்டதில்ல" என்றார் மேலாளர்.

"அதனாலதான் போடணும்."

சிவப்பு எழுத்தில் அது நாள் முழுக்க ஓடியது. தெற்குத் துறைமுகத்துக்காரன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "உங்க சோதனக்காரி தப்புப் பண்ணிட்டாளாமே" என்று இளித்தான். கானாங்கெளுத்திக்காரர்கள் நான்கு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆமா, பண்ணினா. பன்னெண்டு மணிக்குள்ள அவளே கண்டுபிடிச்சு, அவளே ஊரறியப் போட்டுக்கிட்டா. உங்க ஊர்ல யாருக்காவது அந்த நெஞ்சு இருந்தாக் கூட்டிட்டு வா, பாப்போம்" என்றார்கள். அவன் ஒரு கிலோ அதிகமாகவே மீன் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

இருபத்து மூன்றாம் நாள் நாற்பது கலவாக்களும் வாசலைப் பார்த்தபடி மேசை ஏறின. யுன்ஷியாவை அம்மனுக்கு நேர் எதிர் மேசையில் உட்காரவைத்தார்கள். அவள் மீனைத் தொடாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பதார்த்தம் வரும்போது அது அடித்தது. மாவட்டத்திலிருந்து. அவள் கேட்டாள், 'ம்' என்றாள், இன்னொரு முறை 'ம்' என்றாள், வைத்தாள். நாற்பது மேசையும் சாப்ஸ்டிக்கைப் பிடித்தபடி காத்திருந்தது.

"துண்டுல இருந்தது ஊதா மட்டுந்தான், அதுவும் மேலாக. சதை சுத்தம்" என்றாள். பிறகு மீனின் கன்னத்துச் சதையை எடுத்து, முதல் துண்டை ஹைச்சின் கிண்ணத்தில் வைத்தாள்.

அன்றிலிருந்து பைலுன் சந்தையில் ஜன்னலில் கிண்ணம் வைக்கும் வழக்கம் கிடையாது. விடியற்காலையில் யுன்ஷியா கைவலையோடு கடை கடையாக வருகிறாள். "எங்களச் சந்தேகப்படுறியா?" என்று கேட்கிறார்கள். "ஆமா" என்கிறாள். அதைக் கேட்டு யாருக்கும் இப்போதெல்லாம் மனசு புண்படுவதில்லை. வெளியூர் ஆள் யாராவது வந்தால், அவள் வலையோடு நடக்கிற அழகைப் பார்க்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள்.

இவ்வளவையும் ஆபின் பதினோரு தாளில் எழுதி முடித்தான். அவன் தொழிற்பள்ளியில் எழுதிய மொத்தத்தையும் சேர்த்தால்கூட அவ்வளவு வராது. நேற்று அதைச் சோதனை அறைக்குக் கொண்டுபோய், "அத்தை, சும்மா ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்று மேசையில் வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யுன்ஷியா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் படித்தாள். திமிங்கலம் தும்மும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. விலாங்குத் தொழிற்சாலை வந்த இடத்தில் கொஞ்ச நேரம் தாளைத் திருப்பவில்லை. எட்டாவது தாளில் அவள் விரல் நின்றது.

"தானாகவே முன்வந்தான்?"

"ஆமா."

"நெஞ்ச நிமித்தி?"

"கத படிக்க நல்லா இருக்கணும்ல அத்தை."

"குரல் நடுங்கவில்லைன்னு வேற எழுதியிருக்க."

ஆபின் மறுபடி கூரையைப் பார்த்தான்.

"டேய்" என்றாள் யுன்ஷியா, தாளை அவன் பக்கம் தள்ளி, தன் பேனாவையும் அதன்மேல் வைத்து. "பக்கத்து அறை ஐஸ் பெட்டிக்குள்ள ரெண்டு எறால் கூடைக்கு நடுவுல அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தவன் காலப் புடிச்சு நானும் உங்கம்மாவும் இழுத்தோமே, அது யாரு கால்? உன்னால ஒரு வார்த்த ஒழுங்காப் பேச முடிஞ்சுதாடா, பல்லு குளிர்ல அப்படித் தந்தி அடிச்சுதே?"